உப்பு பார்க்காத படையல்

என் அப்பாவுக்கு உப்பை நிறுத்தியவள் நான்தான். டாக்டர் வாயால் சொன்னார், நான் செய்து காட்டினேன். சொல்வது யாருக்கும் சுலபம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிற மனுஷனுக்கு, காலையில் கதவைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம் கண்ணில் படுகிற வீட்டில், உப்பில்லாத சோறு போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுவது லேசுப்பட்ட வேலையா? நான் ஓட்டினேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவருக்கு பிரஷர் இருக்கிறது என்பதே, ஒரு நாள் உப்பளத்து வரப்பில் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தம்பி அவரை பைக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அங்கிருந்து பாண்டிக்கு ஓடினோம். சின்ன வயசு டாக்டர். "ஐயா, இனிமே உப்பக் கொறச்சுக்கணும்" என்றார். அப்பா பவ்யமாகத் தலையை ஆட்டிவிட்டு, "இதுக்கு மேல எங்க சார் கொறைக்கிறது? மழை வந்து பாதி பாத்தி கரைஞ்சி போச்சி" என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. இவரைச் சும்மா விட்டால் சரிப்பட்டு வராது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அம்மா நான் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டாள். எனக்குக் கல்யாணமான பிறகும் அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டோம். கணவருக்குப் பாண்டியில் கம்பெனி வேலை, எனக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, இரண்டுக்கும் இந்த ஊர்தான் தோது. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அப்பாவோடு உப்பளத்தைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் என் மகள். மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே சமையல், உப்பே போடாத சமையல். சாப்பிட உட்காரும்போது ஓர் உப்புக் கிண்ணம் வரும். வேண்டியவர்கள் வேண்டியதைப் போட்டுப் பிசைந்துகொள்ள வேண்டும். அந்தக் கிண்ணம் அப்பா பக்கம் போகாமல் நடுவில் நான் உட்காருவேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் வீட்டுக்குள் அனுமதி கிடையாது.

"ஏம்மா, ஜெயில்ல கூட உப்பு போடறாங்களாம்" என்பார் அப்பா.

"ஜெயில்ல இருக்கறவனுக்கு பிரஷர் இல்லப்பா."

"உப்பு வாரி வாரி கால்ல வெடிப்பு வந்துச்சி. அந்தக் காலையாச்சும் நக்கிக்கட்டுமா?"

"நக்கு. யாரு வேணாம்னா? குனிய முடிஞ்சா நக்கு."

எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும். தெருவில் என்னைப் பற்றி ஒரு கிண்டலே உண்டு: டீச்சரம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போனா மடியில உப்பு கட்டிக்கினு போகணும். சொல்லட்டுமே என்று விட்டுவிட்டேன். என் அப்பா உயிரோடு இருப்பதுதான் எனக்கு முக்கியம். உப்பைப் பற்றி ஊரில் எத்தனை பழமொழி உண்டோ அத்தனையும் சொல்லிப் பார்த்தார், நான் அசையவில்லை. பிரஷர் மட்டும் இறங்காமல் அடம் பிடித்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், வயசாகுதில்ல என்றார். நான் வீட்டுக்கு வந்து, இன்னும் எதைக் குறைக்கலாம் என்று யோசித்து, சோடா உப்பு இருக்குமோ என்று கடை பிஸ்கட்டையும் நிறுத்தினேன்.

போன கோடையில், காலையில் உப்பளத்துக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியில். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் பாண்டிக்குப் போகும்போது என் கையைப் பிடித்திருந்தார், பேச்சு வரவில்லை. மறுநாள் போய்விட்டார்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயசு. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இறங்கியதும் அவளைக் கட்டிக்கொண்டு, "தாத்தா சாமிகிட்ட போயிட்டாருடா கண்ணு" என்று அழுதாள். நான் மகளைத் தனியாக உள்ளே கூட்டிக்கொண்டு போய், "தாத்தா செத்துட்டாரு. மூச்சு நின்னுபோச்சு. திரும்பி வரமாட்டாரு. அழணும்னா அழு, அம்மாவும் அழப்போறேன்" என்றேன். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

நான் இப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள். வகுப்பில் கதை சொல்லிச் சொல்லிப் பழக்கமாகி, பிறகு எழுதி, பத்திரிகைகளில் வந்து, இரண்டு புத்தகமும் ஆயிற்று. குழந்தைக் கதைகளில் எனக்கு ஆகவே ஆகாத ஒரு விஷயம், செத்துப்போன தாத்தாக்கள் நட்சத்திரமாவது. படிக்கிற பிள்ளை இரவில் வெளியே வந்து பார்க்கும், அன்றைக்கு மேகமாக இருந்தால் என்ன செய்யும்? எங்கள் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வானமே தெரியாது. பிள்ளைகளை ஏமாற்றுவதற்கு ஒரு அளவு வேண்டாமா?

பாடையைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்தி, கையில் பிடித்துக்கொண்டு சுற்றி வர வேண்டும். பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போனவர், நிறைவாழ்வு வாழ்ந்தவர் என்பதற்கு அது அடையாளம். அப்பாவுக்கு இருந்தது இந்த ஒரே பேத்திதான். "சின்னப் புள்ள, பயந்துக்கும்" என்றார்கள். "அவ தாத்தாவுக்கு அவ பிடிக்காம யார் பிடிப்பா?" என்றேன். பிடித்தாள். நெய் சொட்டாமல் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றும் சுற்றினாள். நான் நல்லபடியாகப் பிள்ளை வளர்த்திருக்கிறேன் என்றுதான் அந்தத் துக்கத்திலும் நினைத்தேன்.

அதன் பிறகுதான் அந்தக் கோளாறு ஆரம்பித்தது. என் மகள் உப்பைத் தொடுவதை விட்டாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. சாவு வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்? பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை அவள் தொடவே இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிய ஆரம்பித்ததும், பழைய பழக்கத்தில் உப்பில்லாமல் சமைத்துக் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். தம்பி போட்டுக்கொண்டான், கணவர் போட்டுக்கொண்டார், நான் போட்டுக்கொண்டேன். அவள் வெறும் சோற்றை, வெறும் குழம்பை, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கினாள். "உப்பு போட்டுக்கோடி" என்றால் தலையை ஆட்டினாள். இட்லிக்குச் சட்னி வேண்டாம், சர்க்கரை போதும். சாயங்காலம் வாங்கித் தந்த முறுக்கை அப்படியே வைத்துவிட்டாள்.

"தாத்தா மேல எவ்ளோ பாசம் பாரு. அவரு சாப்பிட்ட மாதிரியே சாப்பிடுது" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் உருகினார்கள். எனக்கு அது பாசமாகப் படவில்லை. பாசம் வைத்த பிள்ளை தாத்தாவைப் பற்றிப் பேசுமே! இவள் அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போனாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறவள் நான். என் வீட்டுப் பிள்ளையின் வாயில் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, பிடிக்கல" என்பாள். எனக்குப் பயமாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் கதை. கருமாதிக்கு முன்னால், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த நாட்களில், சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு கதை எழுதினேன். உப்பளத்துத் தாத்தா, அவருடைய பேத்தி. தாத்தா சாகிறார். நட்சத்திரமாகவில்லை, காற்றாகவில்லை, சாகிறார். பேத்தி நெய்ப்பந்தம் பிடிக்கிறாள், அழுகிறாள், பிறகு ஒரு நாள் தாத்தாவின் பாத்தி ஓரத்தில் நின்று சத்தமாக அவரைக் கூப்பிடுகிறாள். கதையில் வருகிற பேத்தி தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், தண்ணீர் கொண்டுபோவாள், டாக்டர் சொன்னதையெல்லாம் ஞாபகப்படுத்துவாள். நல்ல கதைதான். இப்போதும் சொல்கிறேன், அதில் இரண்டு இடம் ரொம்ப நன்றாக வந்திருந்தது.

படித்துக் காட்டினேன். குனிந்து தரையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அந்தப் பாப்பா ரொம்ப நல்ல பாப்பாவாம்மா?" என்றாள்.

"ஆமா."

"ஒரு தப்பு கூட பண்ணலயா?"

"பண்ணல. ஏன்?"

"அப்ப இது பொய்க் கத" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் வகுப்பு விமர்சகி! ஆனால் அதை விமர்சனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். கதையில் குழந்தைகள் அப்பழுக்கில்லாமல் இருந்தால் படிக்கிற குழந்தைக்கு எரிச்சல் வரும், அது நியாயம்தான், அந்தப் பேத்திக்கு ஒரு குறும்பைச் சேர்க்கலாம் என்று குறித்துவைத்தேன். அவள் சொன்னது வேறு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தக் கதையை ஒரு சிறுவர் பத்திரிகைக்கும் அனுப்பியிருந்தேன். ஆசிரியர் போனில் கூப்பிட்டார். நல்ல மனுஷர், இழுத்து இழுத்துப் பேசுவார். "மேடம், கதை அருமை. ஆனா குழந்தைங்களுக்கு சாவு வேணாமே. தாத்தா ஊருக்குப் போற மாதிரி மாத்திடலாமா?"

"எந்த ஊருக்கு சார்? அந்த பஸ் எப்ப திரும்பி வரும்னு பசங்க கேட்டா நீங்க சொல்றீங்களா?"

"அப்படி இல்ல மேடம்…"

"என் வீட்லயே ஒரு தாத்தா செத்து இன்னும் காரியம் ஆகல சார். நான் அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பாவம், அந்த மனுஷர் பதறிப்போயிருப்பார்.

கருமாதி அன்றைக்குக் காலையில் தம்பி கடற்கரைக்குப் போய்க் காரியத்தை முடித்துவிட்டுத் தலை ஈரத்தோடு வந்தான். வீட்டில் படையல். அப்பா போட்டோவுக்கு மாலை போட்டு, எதிரே தலைவாழை இலை விரித்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைக்க வேண்டும். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், ரசம், உளுந்து வடை, பாயசம். படையலுக்குச் சமைக்கும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு, உப்பு பார்க்கக் கூடாது. செத்தவருக்கு வைத்த பிறகுதான் நாம் வாயில் வைக்கலாம். அத்தையும் நானும் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று, ஒரு சொட்டு நாக்கில் படாமல் சமைத்து முடித்தோம். அத்தை நறுக்கினாள், அரைத்தாள். தாளித்து இறக்கியதெல்லாம் நான்.

கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கூனிமேட்டிலிருந்து டீக்கடை பாய்கூட வந்திருந்தார். எங்கள் ஊர் மெயின் ரோட்டில் அவர் கடையில்தான் அப்பா தினமும் டீ குடிப்பார். இலையில் எல்லாம் பரிமாறியாயிற்று. கற்பூரம் ஏற்றத் தம்பி தட்டை எடுத்தான். அப்போது அத்தைக்கு ஏதோ தோன்றி, என் காதருகில் வந்து, "ஏன்டி, உப்பு போட்டியா?" என்றாள்.

போடவில்லை. சாம்பாரில் இல்லை, ரசத்தில் இல்லை, வடை மாவில்கூட இல்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் என் கை உப்பு ஜாடிப் பக்கமே போகவில்லை. ருசி பார்க்கக் கூடாத சமையல் என்பதால் கடைசிவரை தெரியவும் இல்லை.

"அடிப்பாவி!" என்றாள் அத்தை. காதுக்குள் பேச ஆரம்பித்தவளுக்குக் குரல் ஏறிவிட்டது. "உசுரோட இருந்தப்பதான் அவனுக்கு ஒரு கல்லு உப்பு தரல. செத்த பொறவுமா பத்தியம் போடுவ? எடுடி உப்பை!"

கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. என் முகம் எரிந்தது. அத்தை நான் எடுப்பதற்குள் தானே போய் ஜாடியிலிருந்து ஒரு கை கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்து, இலையில் எல்லாவற்றின் மேலும் தூவப் போனாள்.

"போடாத ஆயா!"

என் மகள். எங்கிருந்து வந்தாளோ, பாய்ந்து வந்து அத்தையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உப்பு சிதறி இலையெல்லாம் விழுந்தது. "உப்பு போடாத ஆயா! உப்பு துன்னுதான் தாத்தா செத்துட்டாரு. நான்தான் குடுத்தேன். நான்தான் தாத்தாவ சாவடிச்சிட்டேன்."

அப்புறம்தான் அழுதாள். சாவு நடந்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். நான் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். விக்கி விக்கிச் சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் மாங்காய் கீற்றுப் போட்டு உப்பு, மிளகாய்த்தூள் தடவி விற்பார்கள். தினமும் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்துத் தாத்தாவுக்குக் கொண்டுவருவாளாம். அவர் உப்பளத்திலிருந்து வரும்போது தெருமுனையில் வாங்கித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வருவார்களாம். விழுவதற்கு முந்தின நாளும் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு நிறைய உப்பு.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு தல மேல கை வச்சி சத்தியம் வாங்கினாரு. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும்னாரு" என்றாள்.

கற்பூரத் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்த தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "உன்கிட்டயுமா பாப்பா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அக்கா, திட்டாத. உப்பளத்துக் கொட்டகைல நெத்திலிக் கருவாடு வச்சிருப்பேன். மத்தியானம் சுட்டுக் குடுப்பேன். உங்கக்காளுக்குத் தெரிஞ்சா நான் உனக்கு அப்பனே இல்லடான்னு சொல்லிட்டாரு. எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். இத்தன நாளா தூக்கம் இல்லக்கா எனக்கு." அவன் கண் கலங்கிவிட்டது.

என் கணவர் தொண்டையைச் செருமினார். சாதாரணமாகப் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் பேசவே மாட்டார். "ஞாயித்துக்கிழமை வாக்கிங் போவோமே, நானும் மாமாவும்… எக்கியார்குப்பம் வரைக்கும் போய்… வறுத்த மீன் வாங்கித் தருவேன். மாமா கேட்டா எப்படி இல்லங்கறது? மாப்பிள்ளை, இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்னாரு."

"நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு நான்தானே ரெண்டு பேரையும் அனுப்பினேன்!" என்றேன்.

டீக்கடை பாய் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "டீச்சரம்மா, அல்லா மேல ஆணையா சொல்றேன், ஒரு நாளைக்கு ஒரு மசாலா கடலை பொட்டலம், அவ்ளோதான். வேணாம் அண்ணே, பிரஷர்னு சொல்லுவேன். நீயும் என் பொண்ணு கட்சியான்னு கோச்சிக்குவாரு."

கடைசியில் எல்லார் பார்வையும் அத்தை பக்கம் போயிற்று. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எலுமிச்ச ஊறுகா" என்றாள். "வரும்போதெல்லாம் அரிசி மூட்டைக்குள்ள ஒரு பாட்டில் வச்சிக் கொண்டாருவேன். என் அண்ணன்டி. வாய்க்கு ஒண்ணும் வெளங்கலன்னு கொழந்த மாதிரி கேட்டான். எனக்குத்தான் மனசு அறுத்துக்கினே இருந்திச்சி, நான்தான் எமனாயிட்டேனோன்னு."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அதைக் கேட்டுத் தம்பி சிரித்தான், அழுதுகொண்டே. கருமாதி வீடு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! எழுந்து போட்டோ முன்னால் போய் நின்றேன். மாலைக்கு நடுவிலிருந்து, ஒன்றும் தெரியாத அப்பாவியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, நீயெல்லாம் ஒரு பெரிய மனுஷனா? எட்டு வயசுப் புள்ளகிட்டயா சத்தியம் வாங்குவ? நீ பாட்டுக்குத் துன்னுட்டுப் போய்ச் சேர்ந்துட்ட. இங்க ஒவ்வொருத்தரும் நாமதான் கொன்னுட்டோம்னு உள்ளுக்குள்ள வெந்துக்கினு இருக்காங்க. உனக்கு அறிவிருக்கா? அந்தக் கொழந்த சோறு துன்னு எத்தினி நாளாச்சின்னு தெரியுமா உனக்கு?"

படையல் இலைக்கு முன்னால் நின்று செத்தவரைத் திட்டுகிறவளை எங்கள் சொந்தக்காரர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்கட்டும். திட்டி முடித்துவிட்டு மகளிடம் வந்து உட்கார்ந்தேன்.

"இங்க பாருடி. உப்பு அவருக்கு ஆகாது. அது நெஜம். உப்பால ஒண்ணும் ஆகலன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கு அது நல்லாத் தெரியும். டாக்டர் சொன்னாரு, நான் சொன்னேன், தெனம் சொன்னேன். தெரிஞ்சே கேட்டாரு. ஒரு எடத்துல இல்ல, ஊரு பூரா கேட்டாரு. நீ குடுக்கலன்னா பக்கத்துத் தெருவுல போய்க் கேட்டிருப்பாரு. பெரியவங்க தெரிஞ்சி செய்யறதுக்குக் கொழந்த பொறுப்பு கிடையாது. இதுல பழி யாருதுன்னா, அதோ அங்க மாலை போட்டுக்கினு உக்காந்திருக்காரு பாரு, அவருது."

அவள் போட்டோவைப் பார்த்தாள். "தாத்தா திருட்டுத்தனம் பண்ணாரா?"

"பண்ணாரு. பெரிய கேடி உங்க தாத்தா."

அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அத்தை இன்னொரு கை உப்பு எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினாள். "நீயே போடு கண்ணு. உன் கையால போடு." அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாங்கி, சாம்பாரில், வறுவலில், வடை மேல், கடைசியில் பாயசத்திலும் தூவினாள். பாயசத்துக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கற்பூரம் ஏற்றினார்கள்.

பந்தியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பு போட்டுக்கொண்டு, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, சர்வ சாதாரணமாகக் கேட்டாள்: "அம்மா, தாத்தா உன்கிட்ட என்ன கேட்டாரு?"

"என்கிட்டயா?"

"எல்லார்கிட்டயும் ஒண்ணு கேட்டாரே. உன்கிட்ட?"

யோசித்து யோசித்துப் பார்த்தேன். என்னிடம் வாதம் செய்திருக்கிறார், கிண்டல் செய்திருக்கிறார், ஜெயில் என்றிருக்கிறார். ஒரு தடவைகூட, யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு துளி கொடும்மா, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டதில்லை. தங்கையிடம் கேட்டார், மகனிடம் கேட்டார், மாப்பிள்ளையிடம் கேட்டார், பேத்தியிடம் கேட்டார், டீக்கடையில் கேட்டார். எல்லாருக்கும் அவரோடு ஒரு ரகசியம் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

"உன்கிட்ட கேட்டா கிடைக்காதுன்னு அவருக்குத் தெரியும்" என்றார் கணவர். "உன்ன கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு நெனச்சிருப்பான்" என்றாள் அத்தை. இப்படியெல்லாம் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் நிறைய. நான் செய்தது சரி. இன்றைக்கு அப்பா எழுந்து வந்தாலும் அதையேதான் செய்வேன், ஒரு கல் உப்பு தரமாட்டேன். ஆனால் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எட்டு வயசுப் பெண்மேல் பொறாமை. அந்தத் தெருமுனையும், அந்த மாங்காய்க் கீற்றும், வாயைத் துடைத்துக்கொண்டு வருகிற அந்த நடையும் எனக்குக் கிடைக்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு அந்தக் கதையை மறுபடி எழுதினேன். இந்தத் தடவை பேத்தி மாங்காய் கொடுக்கிறாள். மாமன் கருவாடு சுடுகிறான். ஊறுகாய் அரிசி மூட்டையில் வருகிறது. தாத்தா எல்லாரையும் ஏமாற்றிவிட்டுச் செத்துப்போகிறார். கண்டிப்பான அம்மா ஒருத்தியும் வருகிறாள், உப்புக் கிண்ணத்துக்குக் காவலாக. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகளுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கேட்டாள், தாத்தா சாகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் நானே கேட்டேன்.

"என்னடி? இதுவும் பொய்க் கதையா?"

"இல்லம்மா. இது நெஜக் கததான்." பிறகு, "ஆனா அந்த அம்மா பாவம்" என்றாள்.

"ஏன் பாவம்? அவ கரெக்டாதானே இருக்கா?"

"கரெக்டாதான் இருக்கா. ஆனா தாத்தா அவகிட்ட மட்டும் எதுவுமே கேக்கல. ஒரே ஒரு தடவ கேக்கற மாதிரி எழுதேன்."

"கேட்டாலும் அந்த அம்மா குடுக்க மாட்டாளேடி" என்றேன்.

"குடுக்க வேணாம். மாட்டேன்னே சொல்லட்டும்" என்றாள் என் மகள். "ஆனா அவரு கேக்கட்டும்மா."

பேனாவை எடுத்தேன். தாத்தா சமையலறை வாசலில் வந்து நின்று, யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, ஒரு கல்லு" என்று கேட்டார்.